முகம் தெரியாதவரின் நற்சான்று

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போவது நம் ஊர் வழக்கம். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ரசனை வேறு. ஈபி-1ஏ என்ற 'அசாதாரணத் திறமை' பிரிவில் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் கிரீன் கார்டு கேட்டால், கூடவே உழைத்த பேராசிரியரின் கடிதத்தைவிட, "இவரை நான் நேரில் சந்தித்ததே இல்லை" என்று தொடங்கும் கடிதத்துக்குத்தான் எடை அதிகம். முகம் தெரியாதவரையும் எட்டிய புகழாம்! அந்தப் புகழுரையின் முதல் வரைவு பல சமயம் விண்ணப்பதாரரின் வக்கீல் மேஜையில்தான் பிறக்கிறது என்பதை நாம் கண்டுகொள்ள வேண்டாம்.

நோபல் போன்ற பரிசு இருந்தால் தொல்லையில்லை. இல்லாதவர் 10 அளவுகோல்களில் 3-ஐயாவது தொட வேண்டும். சபை அடக்கம் சொல்லி வளர்க்கப்பட்ட மனிதர், துறையின் உச்சியில் உள்ள வெகுசிலரில் தானும் ஒருவர் என்று கட்டுக் கட்டாகக் காகிதம் சேர்க்கிறார்.

நோயாளிகளைப் பார்க்கும் டாக்டருக்கு இன்னொரு வழி: மருத்துவர் தட்டுப்பாடுள்ள பகுதியில் 5 ஆண்டு முழுநேர வேலை. அது 'தேச நலன்' என்று அரசே முத்திரை குத்துகிறது. ஆனால் அவர் பிறந்தது இந்தியாவில் என்றால், நாட்டுக்கு 7 சதவீதம் கிரீன் கார்டு என்ற வரம்பு குறுக்கே படுக்கிறது. தேச நலன் வரிசையில் நிற்கிறது, ஆண்டுக்கணக்கில். வரிசை எதுவரை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் சொல்லும் விசா புல்லட்டினில் தேதி சில நேரம் முன்னே நகரும். சில நேரம் பின்னேயும் போகும்.