முருகேசன் என்று வையுங்கள்!

கேள்வி: பேரனுக்குப் பெயர் தேடுகிறோம். 'ஷ்' வர வேண்டும், கூட்டுத்தொகை 5 வர வேண்டும் என்கிறாள் மருமகள். உங்கள் யோசனை?

பதில்: சொன்னால் அடிக்க வருவீர்கள். 'முருகேசன்' என்று வையுங்கள். எல்.கே.ஜி. வாசலில் நின்று 'ரித்தீஷ்!' என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு திரும்பிப் பார்க்கிறது. 'முருகேசா!' என்றால் வாட்ச்மேன் ஒருவர்தான் திரும்புகிறார். தனித்துவம் வேண்டுமென்றால், இதுதான்.

கூட்டுத்தொகைக்காக ஒரு 'ஏ'யைக் கூடுதலாகச் செருகுவார்கள். பிறகு ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. அதிர்ஷ்டம் முழுக்க இ-சேவை மையக்காரருக்கு! 1953 மார்ச்சில் பிறந்த மகனுக்கு, அதே வாரம் மறைந்த சோவியத் தலைவர் ஸ்டாலினின் பெயரை வைத்தாரே கலைஞர், நியூமராலஜியா பார்த்தார்? பையன் முதல்வரே ஆகிவிட்டார்.

செல்லப்பெயருக்கும் முன்பெல்லாம் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளைக்குத் தாத்தா பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் 'ராசா', 'தம்பி'. இப்போது மாதக்கணக்கில் கூகுளைக் குடைந்து, ஜோசியருக்கும் அழுது, ஒரு பெயர் வைத்துவிட்டு வீட்டில் 'பப்லு' என்கிறார்கள். அந்த பப்லுவுக்கு மட்டும் கூட்டுத்தொகை பார்க்க வேண்டாமா, கேட்டுச் சொல்லுங்கள்.