ஆட்டத்தை விட்டுட்டுக் கோணலைத் திருத்தப் போன மருமவனுக்கு

மருமவனே, எம்.ஜி.பி. வாங்கி வாசல்ல நிறுத்திட்டியாமே, சந்தோசம். 1962ல இருந்து 1980 வரைக்கும் ஆபிங்டன்ல வெள்ளைக்காரன் செஞ்ச வண்டி. வயசுக்கு உனக்கு மூத்தது. நீயோ கையை விட்டா இடப்பக்கம் இழுக்கு, ஸ்டீரிங் கோணி நிக்கு, முன் டயரு ஒரு ஓரமாத் தேயுதுன்னு அலைன்மெண்ட் கடை கடையா ஏறி இறங்குத. இது வரைக்கும் நேரா வந்தது கடைக்காரன் போட்ட பில்லு மட்டுந்தான்.

இடப்பக்க இழுவையில பாதி உங்க ஊரு ரோட்டோடது. நடு மேடா, ஓரம் சரிவா இருக்கிற ரோட்டுல இடப்பக்கமாப் போனா வண்டி எங்க போவும்? மிச்சப் பாதிக்கு, காத்தைச் சரி பாத்துட்டு முன் டயரு ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டு ஓட்டு. இழுவையும் பக்கம் மாறினா திருடன் டயருதான்.

கம்ப்யூட்டர்ல கேம்பர், அதான் சக்கரத்தோட சாய்வு, சிவப்பாக் காட்டுச்சு, திருத்துன்னு கடைப் பையன்கிட்ட நின்னியாமே. எதைப் பிடிச்சுத் திருத்துவான்? இந்த வண்டியில கேம்பருக்கும் காஸ்டருக்கும் திருகுறதுக்குக் கம்பெனி ஒரு போல்ட்டும் வைக்கல. காஸ்டர், அதான் சக்கரம் திரும்புற அச்சு பின்னால சாயுறது, 7 டிகிரி, வாங்கும்போதே வந்தது. உன் கைக்கு விட்டது டோ-இன் மட்டும், அதான் முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் உள்ளே நெருங்கி நிக்கிற அளவு. அதுவும் 1.5 மில்லிமீட்டர்ல இருந்து 2.4 வரைக்கும். அதுலயும் டை ராடு ரெண்டையும் சமமாத் திருகணும். ஒரு பக்கத்தை மட்டும் திருகினா டோ சரியாவும், ஸ்டீரிங் கோணும். கோணுனதைக் கழத்தி நேரா மாட்டிக் கொடுக்குத மகராசனுவளும் உண்டு. அப்புறம் ஒரு பக்கம் நல்லா ஒடியும், மறுபக்கம் ஒடியாது. உன் வண்டிக்கு அதுதான் நடந்திருக்குன்னு நினைக்கேன்.

கேம்பர் கெட்டுப் போச்சுன்னா ஏதோ ஒண்ணு தேஞ்சிருக்கு, இல்ல வளைஞ்சிருக்கு. ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கு. மேல ஒரு கை, கீழ ஒரு கை வச்சு ஆட்டிப் பாரு. ஆடுதா? வீட்டுக்காரியை பிரேக்கை மிதிக்கச் சொல்லு. ஆட்டம் நின்னுட்டா பேரிங். நிக்காம லொடலொடன்னா அந்தத் திரும்புற அச்சு, கிங்பின், இல்ல அதோட அடிப்பக்கத்து டிரனியன். உள்பக்கம் கீழ் கை, அதான் விஷ்போன், அதோட ரப்பர் புஷ்ஷு பழைய பூரி மாதிரி வெடிச்சிருக்கும், பாரு. மேலே தனிக் கை கிடையாது. ஷாக் அப்சார்பரோட லீவரே மேல் கை. அதோட தண்டு தேஞ்சிருந்தாலும் சக்கரம் சாயும். இத்தனை ஆட்டத்தையும் வச்சுக்கிட்டு லேசர் பிடிச்சியே, அந்த மிசினு சிரிச்சிருக்கும்!

கிரீஸ் கன்னு வாங்கினியா? வாங்கியிருக்க மாட்ட, சாவிக்கொத்து வாங்கியிருப்ப. 3000 மைலுக்கு ஒருக்கா, சக்கரத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு கிங்பின் நிப்பிள்ல அடி. தரையில பாரத்தோட நின்னா கிரீஸ் போக வேண்டிய பக்கம் போவாது.

விஷ்போனுக்கு மெட்டல் குழாய் வச்ச வி8 புஷ்ஷு போடப் போறியாமே, போடு. ஆனா வண்டி தரையில நிக்கும்போதுதான் நட்டைக் கடைசியா முறுக்கணும். தொங்கவிட்டு முறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். கிங்பின் மாத்தினா புது புஷ்ஷை ரீமர் போட்டு அளவா வெட்டணும். அதைத் தெரிஞ்சவன்கிட்ட விடு. நீ டீ போட்டுக் கொடு. சீனி மட்டும் அவனே போட்டுக்கிடட்டும், உன் கை அளவு எனக்குத் தெரியும்.