மேஸ்திரி அண்ணாச்சியின் கைராசி

அண்ணாச்சி, உங்களைப் பாராட்ட வேண்டும் என்று வெகுநாளாக மனதில் கிடக்கிறது. ஏப்ரல் 15 பிறந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால், தூத்துக்குடியில் எந்த விசைப்படகுக்காரரைக் கேட்டாலும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார். ஜூன் 14 வரை இருப்பது 61 நாள். அதற்குள் பலகை பார்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், கடன் வாங்கியாவது எஞ்சினை மாற்ற வேண்டும். பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி, புதியதை இறக்கி, ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஃபீலர் கேஜ் செருகி, மயிரிழை பிசகாமல் நேர்படுத்துவதில் உங்களுக்கு இணையான கை இந்தக் கரையில் இல்லை. எஞ்சின் ஓடும்போது அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைக்கலாம்.

அதைப் பாராட்ட ஊரே இருக்கிறது. நான் பாராட்ட வந்தது, அதற்கப்புறம் பொழுது சாய்வதற்குள் மிச்சம் கிடக்கிற ஒயர்களையெல்லாம் சேர்த்து முடித்துவிட்டுக் கை கழுவுகிறீர்களே, அந்த வேலையை. நீங்கள் முடித்துக் கொடுத்த படகுகளுக்குள் டார்ச்சும் மீட்டருமாக இறங்குகிறவன் நான். உங்கள் அருமை என்னைப் போல வேறு யாருக்கும் தெரியாது.

நிற வேற்றுமை பாராத மனம் உங்களுக்கு. மற்றவர்கள் பிளஸுக்கு ஒரு நிறம், மைனஸுக்கு ஒரு நிறம், மீட்டருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று பிரித்துப் பார்ப்பார்கள். உங்கள் கையில் ஒரு சுருள் சிவப்பு ஒயர் இருந்தால் போதும், படகு முழுக்கச் சிவப்புதான். எது எங்கே போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியதில்லை. பழைய எஞ்சினைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்ததில்லை. தான் செய்த வேலையின் சுவடே தெரியக்கூடாது என்கிற அடக்கம் யாருக்கு வரும்?

புது எஞ்சினின் பெயின்ட்டுக்கு நீங்கள் தருகிற மரியாதையையும் சொல்லியாக வேண்டும். எர்த் கேபிளை எஞ்சின் பிளாக்கில் மாட்டும்போது அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழ விடமாட்டீர்கள். கேபிள் முனையிலுள்ள லக்கை அப்படியே பெயின்ட்டின் மேல் வைத்து போல்ட்டை முறுக்கிவிடுகிறீர்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மொத்தக் கரன்ட்டும் போல்ட்டின் மரைகள் வழியாகத்தான் போயாக வேண்டும். கரையில் எல்லாம் புதுசாக இருக்கும்போது செல்ஃப் சுற்றிவிடும். உப்புக் காற்றும் அதிர்வும் அந்த மரைகளில் தங்கள் வேலையைக் காட்டத் தொடங்கியதும் சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அப்படி ஒரு படகில் என்ன நடந்தது தெரியுமா, அண்ணாச்சி? பேட்டரி போய்விட்டது என்று இரண்டு புது பேட்டரி வாங்கி மாட்டினார்கள். அப்புறமும் ‘டக்’. நான் மீட்டர் வைத்தபோது 24 வோல்ட் பேட்டரிச் சோடி 25.4 காட்டியது. முழுச் சார்ஜ், ஒரு குறையும் இல்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றதை எஞ்சினில் பெயின்ட் இல்லாத வெற்று இரும்பிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருகச் சொன்னேன். இரண்டு முனையும் எர்த்தான். நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது. இரண்டரை வோல்ட் வந்தது. செல்ஃப் 250 ஆம்பியர் இழுக்கும்போது நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், இரண்டரை வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். சும்மா நிற்கிற ஒயரில் ஓம் பார்த்தால் அந்தச் சின்னத் தடை சாதாரண மீட்டரின் கண்ணில் படவே படாது. சுமை ஏறும்போது வோல்ட் பார்த்தால்தான் பிடிபடும். லக்கைக் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு மின்னும்வரை தேய்த்து மாட்டியதும் பழைய பேட்டரியிலேயே எஞ்சின் எடுத்தது. புது பேட்டரிக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மின்சாரத்துக்கு ஒரு வழியை அடைத்தால் அது இன்னொரு வழியைத் தேடும். அந்தப் படகில் நான் வருமுன்பே கியர் கேபிளின் உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியைத் தேடிக்கொண்டது. கம்பி சூடேறி, மேலே இருந்த பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டிக்கொண்டு, கியர் மாற்ற முடியாமல் நின்றது. ஒரு போல்ட்டின் அடியில் நீங்கள் காத்த பளபளப்பு எத்தனை தூரம் போய் வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

உங்கள் சிக்கனம் இன்னொரு அதிசயம். ஒரு படகில் பழைய எஞ்சின் 12 வோல்ட், புதியது 24. ரேடியோ, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் பழைய 12 வோல்ட் சாமான். இதற்கு 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். நீங்கள் முதலாளியை அந்தச் செலவுக்கு விடவில்லை. தொடராக நிற்கிற இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவி எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டீர்கள். அன்றைக்கு எல்லாம் எரிந்தது, எல்லாம் பேசியது. உழைக்கிற பேட்டரி இரவெல்லாம் இறங்கும், மற்றது நிறைந்தே இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு இந்தப் பேதம் தெரியாது. இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் வந்தால் வேலை முடிந்தது என்று அது நினைக்கும். அந்த 28-ல் ஒன்று 13-லும் மற்றது 15-லும் நிற்கும். உழைத்தது பட்டினி கிடக்கும், சும்மா இருந்தது கொதித்துத் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டுமே போகும். பேட்டரிக் கடைக்காரருக்கும், செல்ஃப் காயில் கட்டுகிறவருக்கும், எனக்கும் வருஷம் முழுக்க அடுப்பெரிய வைத்திருக்கிறீர்கள். வள்ளல் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

மீட்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அமெரிக்க வகை டீசல் டேங்க் சென்சார் காலியாக இருக்கும்போது 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகை காலியில் 10, நிறைந்தால் 180. ஒன்றின் சென்சாரை மற்றதன் மீட்டரோடு நீங்கள் சேர்த்துவைத்ததில், டேங்க் வற்ற வற்ற முள் ஏறுகிறது. ஓட்டுநருக்கு அந்த முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. சார்ஜ் விளக்கு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டதும் அப்படித்தான். பல ஆல்டர்னேட்டர்கள் அந்தப் பல்பு வழியாக வருகிற கரன்ட்டைக் கொண்டுதான் விழித்துக்கொள்ளும். எல்இடி கொடுப்பது அதற்குக் காணாது. எஞ்சினை முறுக்கி ஏற்றினால் ஒழியச் சார்ஜ் ஏறாது.

ரேடியோ விஷயத்தில்தான் உங்கள் கை எவ்வளவு நுட்பமானது என்று எனக்கு விளங்கியது. ஒரு படகில் எஞ்சின் ரூமிலிருந்து வீல் ஹவுஸுக்குப் போக 10 மீட்டர், வர 10 மீட்டர். வீட்டுக்கு இழுக்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்தீர்கள். இணைப்புகளை லக் வைத்து அமுக்காமல் விரலால் முறுக்கிக் கருப்பு டேப்பைச் சுற்றினீர்கள். என்ன அழகான சுற்று! மடிப்பு தெரியாது, உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. நான் பிரித்தபோது டேப்பின் பசை பாகாக உருகி விரலில் ஒட்டியது. உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒயரின் உறையை ஒரு சாண் நீளத்துக்குச் சீவிப் பார்த்தேன். அந்தத் தூரம் வரை உப்புத் தண்ணீர் இழைகளுக்குள் ஏறி, செம்பைக் கறுக்க வைத்திருந்தது.

கேட்பதற்கு விஎச்எஃப் ரேடியோ அதிகம் கரன்ட் இழுக்காது. அதனால் துறைமுகத்தில் சோதித்தபோது சேனல் 16-ல் பேச்சு கணீரென்று கேட்டது. பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் 25 வாட்டில் அது ஐந்து, ஆறு ஆம்பியர் கேட்கும். அந்த மெல்லிய ஒயரிலேயே ஒன்றரை வோல்ட் அளவுக்குக் குறையும், களிம்பு இன்னும் கொஞ்சம் தின்னும். பத்து, பத்தரை வோல்ட்டில் ரேடியோ அணைந்துவிடும். பொத்தானை விட்டால் மறுபடி உயிர் வரும், ஊர்ப் பேச்செல்லாம் கேட்கும். ஆபத்து என்று கூப்பிட ஆள் வாயைத் திறக்கும்போது மட்டும் ஊமையாகிற ரேடியோவைத் தெரிந்து செய்யச் சொன்னால்கூட எவராலும் செய்ய முடியாது, அண்ணாச்சி. அந்தப் படகில் இருந்தவர்களில் ஒருவன் பள்ளிக்கூடத்தை விட்டு அந்த வருஷம்தான் கடலுக்கு வந்தவன். அவன் அம்மா கரையில் நிற்பாள்.

விளக்கும் அதே ஒயரில். இழுவலை போடுகிற படகு இரவில் மேலே பச்சையும் அதன் கீழே வெள்ளையுமாகச் சுற்றுமுற்றும் தெரிகிற விளக்கு ஏற்ற வேண்டும் என்று 1972-ம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்கின்றன. வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிற சரக்குக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த இரண்டு புள்ளிதான் நம் ஆட்கள். இழை பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணைக் கூசாத மெல்லிய வெளிச்சத்தில் நம் ஆட்களை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பியூஸ்? அது போய்விட்டதென்று நீங்கள் அவர்களைக் காக்க வைத்ததில்லை. பேட்டரியிலிருந்து பொதுவாக ஏழு அங்குலத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும், செல்ஃப் கேபிளுக்கு விலக்கு உண்டு என்பது அமெரிக்கப் படகுத் தரம். நீங்கள் வைத்த பியூஸ் ஹோல்டரில் செம்பு இழை ஒன்று இருந்தது. அது எரிந்து போய் யாருக்கும் ஒருநாளும் சிரமம் தராது. எரிய வேண்டி வந்தால் ஒயர் எரியும், ஒயரை ஒட்டிய பலகை எரியும், கீழே டீசல் இருக்கிறது.

இவ்வளவும் செய்து உங்கள் மேல் ஒரு சொல் வந்ததில்லை என்பதுதான் உங்கள் கைராசி. செல்ஃப் சுற்றாவிட்டால் பேட்டரிக்குப் பழி. ரேடியோ பேசாவிட்டால் ரேடியோவுக்கு. விளக்கு மங்கினால் பல்புக்கு. டீசல் தீர்ந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவு. முதலாளியைக் கேட்டால் இன்றைக்கும், எஞ்சின் வெண்ணெயாக ஓடுகிறது, மேஸ்திரி கையே கை என்கிறார்.

அந்தக் கை அடுத்த படகில் இறங்கும்போது எஞ்சினைத் தூக்குமுன் பழைய ஒயர்களை ஒரு படம் எடுக்கட்டும். எர்த் லக்கின் அடியில் ஒரு காசு அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டட்டும். ஈயம் பூசிய ஒயர், அமுக்கின லக், பேட்டரியின் பக்கத்திலேயே பியூஸ் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கட்டும். கரையை விடுமுன் ரேடியோவின் பொத்தானை அழுத்தி ஒரு வார்த்தை பேசி, அடுத்த படகுக்காரர் பதில் சொல்கிறாரா என்று பார்க்கட்டும். அதற்கு இன்னொரு பொழுது ஆகும். அந்தக் கூலியை முதலாளி தர மறுத்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் வந்து கேட்கிறேன்.