அக்னி மூலை ரேடியோ

எந்தப் புதுச் சாமானும் எங்கள் குடும்பத்துக்குள் என் மாமனார் வழியாகத்தான் நுழையும். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2006 வாக்கில், வேர்ல்ட்ஸ்பேஸ் சாட்டிலைட் ரேடியோவுக்கு ஏ.ஆர்.ரகுமான் விளம்பரத் தூதராகி முத்திரை இசையும் போட்டுக் கொடுத்த சமயத்தில், மடிப்பாக்கம் வீட்டில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பெட்டிக்குத் தனி விலை. அதற்கு மேல் வருஷ சந்தா 1,800 ரூபாய்.

“ரேடியோவுக்குச் சந்தாவா?” என்றார் அத்தை.

“அந்தக் காலத்துல போஸ்ட் ஆபீஸ்ல ரேடியோ லைசென்ஸ் கட்டினோமே, மறந்துட்டியா?”

“அதைத்தான் எப்பவோ எடுத்துட்டாங்களே!”

மாமா என் பக்கம் திரும்பினார். “ஒரு நாளைக்கு அஞ்சு ரூபாய்கூட ஆகலை மாப்பிள்ளை. ஓட்டல்ல ஒரு காபி என்ன விலை?”

“வீட்ல போடுற காபிக்கு நான் சந்தா வாங்குறதில்லை” என்று உள்ளே இருந்து பதில் வந்தது. மாப்பிள்ளைகள் இந்த இடத்தில் பேப்பர் படிக்க வேண்டும். நான் படித்தேன்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை திசை. சாதாரண ரேடியோவைப் பரண்மேல் வைத்தாலும் பாடும். இதற்கு உள்ளங்கை அகல ஆன்டெனா ஒன்று உண்டு. அது செயற்கைக்கோளை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். ஏசியாஸ்டார் என்ற அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நின்றது. சென்னையிலிருந்து பார்த்தால் கிழக்கும் தென்கிழக்கும் கலக்கிற இடம். மாமா வாஸ்து பார்க்கிற நண்பரிடம் திசைகாட்டியை இரவல் வாங்கி வந்து வீட்டைச் சுற்றினார். கடைசியில் ஆன்டெனா போய் நின்ற இடம் அடுப்படி ஜன்னல். வாஸ்துப்படி கட்டிய வீடு. அக்னி மூலையில் அடுப்படி இல்லாமல் வேறென்ன இருக்கும்?

கர்நாடக சங்கீதத்துக்கு என்று அதில் ‘ஸ்ருதி’ என ஒரு சேனல் இருந்தது. மாமா வாங்கியதே அதற்காகத்தான். விளம்பரம் கிடையாது, கரகரப்பு கிடையாது. ஆனால் கேட்க அடுப்படிக்குத்தான் வர வேண்டும். நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி அவர் ஆலாபனையில் இருக்கும்போது பக்கத்தில் மிக்ஸி ஓடும். ராகத்தை நிறுத்துவதா, தேங்காய்ச் சட்னியை நிறுத்துவதா என்ற வழக்கில் தீர்ப்பு எப்போதும் சட்னி பக்கம்தான். அவர் குளிக்கப் போனால் அத்தை ‘கேஎல் ரேடியோ’வுக்கு மாற்றி சினிமாப் பாட்டு கேட்பார். ஆக, சந்தா வீணாகவில்லை.

அத்தையின் உண்மையான புகார் வேறு. “இது மணி சொல்ல மாட்டேங்குதே!” ஆகாசவாணியில் 6.40க்கு மாநிலச் செய்தி வந்தால் குக்கர் ஏற வேண்டும், 7.15க்கு டெல்லி செய்தி வந்தால் பிள்ளைகள் குளித்திருக்க வேண்டும் என்று முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் அவர். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் லீவா என்று எஃப்எம் சொல்லிவிடும். செயற்கைக்கோளுக்கு மடிப்பாக்கத்தில் மழை பெய்வது எப்படித் தெரியும்? விளம்பரமே இல்லாததும் அவருக்குக் குறைதான். நடுவில் எழுந்துபோய் உலையைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டாமா?

இவ்வளவு ரகளையும் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா, எய்ட்ஸ் பற்றிய தகவல் ஆப்பிரிக்க மக்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்ற கவலையில் 1990ல் தொடங்கிய நிறுவனம் வேர்ல்ட்ஸ்பேஸ். ஆப்பிரிக்காவுக்கென்று 1998ல் ஆஃப்ரிஸ்டார், ஆசியாவுக்கென்று 2000ல் ஏசியாஸ்டார் மேலே போயின. கண்டங்களின் அறியாமையைப் போக்கக் கிளம்பிய அலை, எங்கள் வீட்டில் தேங்காய் மூடிக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவே வந்து சாருகேசி பாடியது.

பிறகு கிழக்குப் பக்கத்துக் காலி மனையில் அடுக்குமாடி எழும்பியது. முதல் மாடிவரை மாமா பொறுத்தார். மேலே மேலே தளம் போடப் போட, ரேடியோவில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. உச்சியில் தண்ணீர்த் தொட்டி ஏறிய அன்று ஸ்ருதி அடங்கிவிட்டது. சுமார் 36,000 கிலோமீட்டர் இறங்கி வந்த சங்கீதத்தால் ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தாண்ட முடியவில்லை. அதன் பிறகு ஆன்டெனா மொட்டை மாடிக்குப் போனது, நாற்காலியும் போனது, வெயில் ஏறினால் மாமா இறங்கி வந்துவிடுவார்.

அமெரிக்காவில் இதே சரக்கு நன்றாக ஓடியது. அங்கே 2001ல் எக்ஸ்எம், 2002ல் சிரியஸ் என்று வந்து, 2008ல் இரண்டும் ஒன்றாகி, பின்னாளில் மூன்று கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டின. காரணம் கார். புதுக் காரிலேயே ரேடியோவைப் பொருத்தி விற்றார்கள்; கட்டடங்கள் மறைக்கிற நகரங்களில் தரையில் துணை ஒலிபரப்பிகள் வைத்தார்கள். அந்த வசதிக்கு இங்கே அனுமதி கிடைக்கவில்லை, அதனால் ஓடுகிற காரில் கேட்க வழியில்லை. ஜன்னலோரம் உட்கார வேண்டிய ரேடியோ, சட்டைப் பையில் இலவச எஃப்எம் பாடுகிற செல்போனோடு எப்படிப் போட்டியிடும்? 2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்திய ஒலிபரப்பு நின்றது.

மணி சொல்லாது, நகராது, மழை தெரியாது, வருஷம் பிறந்தால் காசு கேட்கும். இப்படிப்பட்ட ரேடியோ இந்தியாவில் தோற்றது என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதையும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சந்தா கட்டிக் கேட்டார்கள் என்பதற்குத்தான் யாராவது விளக்கம் சொல்ல வேண்டும். என் மாமனாரைக் கேட்டால் சாருகேசி என்பார்.