ஸ்விட்சைத் தொடாத மனிதர்

அபார்ட்மென்டுக்கு ஒருவராவது இப்படித் தேறிவிடுகிறார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருப்பார், அல்லது வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவராக இருப்பார். ஸ்விட்சைக் கையால் தட்டுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்; எல்லாம் போனிலிருந்தே நடக்க வேண்டும். மற்றவர்கள் தட்டினாலும் பதறுவார்: "ஐயோ, அதை அணைச்சா பல்பு ஆஃப்லைன் போயிடும்!" வீடு இருட்டானால் பரவாயில்லை, பல்பு ஆஃப்லைன் போகக் கூடாது.

புது பல்பு வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, பல்பு படபடவென்று கண் சிமிட்டும்வரை விடமாட்டார். சிமிட்டினால் இணையத் தயார் என்று பொருள். ஆனால் பல்புக்குத் தெரிந்ததெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அவர் போனோ 5-ஐப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும். 5-க்குச் சுவர் தாண்டும் தெம்பு குறைவு. ஆகவே போனோடு மாடிப்படிவரை போய், அது 2.4-க்கு இறங்கியதும் அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"சிமிட்டுதா?"

"நின்னுடுச்சுங்க. அடுப்புல குழம்பு இருக்கு, நான் போகட்டுமா?"

"இரு, இரு, மறுபடி அஞ்சு தடவை போட்டு அணை!"

பல்போடு நிறுத்தினாரா? ஸ்விட்சையும் ஸ்மார்ட்டாக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இதுல நியூட்ரலே இல்ல" என்றார். பழைய வயரிங்கில் பெரும்பாலும் ஸ்விட்சுக்கு ஃபேஸ் மட்டும்தான் வரும். ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் பலவற்றுக்குத் தாங்கள் விழித்திருக்கவே நியூட்ரல் வேண்டும். போன தீபாவளிக்குப் பெயின்ட் அடித்த சுவரை உடைத்தார்கள். அம்மணி அன்று முழுக்கப் பேசவில்லை.

ஃபேன் கதை வேறு. அதற்கு ரிமோட் உண்டு. அந்த ரிமோட்டின் சிக்னலை அப்படியே அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை ஷோகேஸில் வைத்திருக்கிறார். பெட்டிக்குச் சொல்லத்தான் தெரியும், ஃபேன் கேட்டதா என்று தெரியாது. ஆப்பில் ஃபேன் நின்றுவிட்டது, தலைக்கு மேல் சுற்றுகிறது. அவர் ஆப்பைத்தான் நம்புவார்.

நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் எல்லா பல்பும் ஒருசேர எரிந்து வீடு கல்யாண மண்டபமாகிவிடும். கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பும்படி வைக்க செட்டிங்ஸில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு பல்பாகப் போய் மாற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை, ஏனென்றால் அவர் இப்போது 'டாலி' படிக்கிறார். பெரிய அலுவலகங்களில் விளக்குகளை ஆளும் முறை, ஒரு லைனில் 64 விளக்குகளுக்கு முகவரி தரலாம். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 64 போதுமா என்பது அவர் கவலை.

சும்மா சொல்லக் கூடாது, மே மாதச் சென்னையில் ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே ஏசியைப் போட்டுவைப்பது சுகம்தான். அந்த ஒன்று மட்டும் தவறாமல் வேலை செய்கிறது.

அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாத்ரூமில் அசைவு தெரியாவிட்டால் இரண்டே நிமிடத்தில் லைட் அணையும்படி வைத்திருக்கிறார். உள்ளே இருக்கும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருங்கள்.