மனு பார்க்கப் போகிறீர்களா?

மகனைப் பார்க்கப் புழல் சிறைக்குக் கிளம்பும் தாய்மார்களே, சில யோசனைகள்.

ஆதாரை மறக்காதீர்கள். பெற்றவள் நீங்கள்தான் என்று உங்கள் முகம் சொன்னால் போதாது; அந்த அட்டையில் பேயடித்தாற்போல் இருக்கிறதே ஒரு முகம், அது சொல்ல வேண்டும்.

அன்றைய கூலியைத் தலைமுழுகிவிடுங்கள். விடியுமுன் பஸ் ஏறி, மனு எழுதிக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை காத்திருங்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நீங்கள், காதில் இன்டர்காம். “சாப்பிட்டியாப்பா?” என்பதற்குள் பாதி நேரம் போயிருக்கும். அழுவதைப் பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிரசம் சுட்டு எடுத்துப்போகாதீர்கள். வீட்டுப் பலகாரத்தால் நாட்டுக்கு ஆபத்து. சிரிக்காதீர்கள், ஸ்ட்ராவாலேயே ஆபத்து வந்த நாடு இது. திருச்சி மண்ணில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சாமி, நடுக்குவாதத்தால் தம்ளர் பிடிக்க முடியாத 83 வயதில், 2020 நவம்பரில் தலோஜா சிறையிலிருந்து ஸ்ட்ரா கேட்டார். பதில் சொல்லவே தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் வாங்கியது. 2021 ஜூலையில், விசாரணையே தொடங்காமல், கைதியாகவே செத்துப்போனார்.

விதி விதிதான், எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார்கள். 2024இல் பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில், கொலை வழக்கில் கைதான கன்னட நடிகர் புல்வெளியில் நாற்காலி போட்டு, கோப்பையும் சிகரெட்டுமாக உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. சட்டத்தின்முன் அனைவரும் சமம். நாற்காலிதான் எண்ணிக்கையில் குறைவு.

ஜாமீனே விதி, சிறை விலக்கு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1977இல் தீர்ப்பெழுதினார். இன்றும் இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூவர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் கிடைத்தும், சொத்துள்ள ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. சோற்றுக்குத் திருடியதாகப் பிடித்தவனிடம் சொத்துப் பத்திரம் கேட்கும் அறிவை என்னவென்று மெச்சுவது! தீர்ப்புக்கு முன்பே தண்டனை. அதிலும் பாதி, எந்த வழக்கிலும் பெயரில்லாத உங்களுக்கு.

ஒருநாள் உங்கள் மகன் நிரபராதி என்றே தீர்ப்பு வரலாம். போன வருஷங்களையும் பஸ் காசையும் எந்த கவுன்டரில் திருப்பித் தருவீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அரசுப் பணிக்கு இடையூறு என்று வழக்குப் போடுவார்கள். அப்புறம் உங்களுக்கு மனு போட அவன்தான் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும்.