கண்ணுக்கு ஒரு படம், தலைக்கு ஒரு வலி

பங்குனியில் வலங்கைமான் மகாமாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பவர்கள், பிணம்போலப் படுத்துப் பாடையிலேயே கோயிலைச் சுற்றி வந்து, எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். லென்ஸ் வேண்டாம், டிரைவர் அப்டேட் வேண்டாம். வேறோர் உலகத்தைக் கண்ணில் காட்டும் விஆர் ஹெட்செட்டை மாட்டும் நம் பையன்கள் பாடுதான் பெரும்பாடு.

2014இல் கூகுள் கார்ட்போர்டு என்ற அட்டை ஹெட்செட் வந்தது. 2023 ஐபிஎல் சமயத்தில் 1,299 ரூபாய்க்கு ஜியோடைவ். போனைச் செருகினால் கிரிக்கெட் தெரியும், சரி. விஆர் என்றால் என்னவென்றே அறியாத பழைய துப்பாக்கிச் சண்டை கேமையும் அதிலேயே ஆடியே தீருவேன் என்றால்தான் வினை.

கேம் ஓடுவது கணினியில். வோர்ப்எக்ஸ் மாதிரி ஒரு மென்பொருள் படத்தைக் கண்ணுக்கு ஒன்றாகப் பிளக்கும். இன்னொன்று அதை யுஎஸ்பி வயரில் போனுக்குத் தள்ளும். போனில் உள்ள கைரோ சென்சார், தலை திரும்புவதை மவுஸ் அசைவு என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பும். அதனால் வேடிக்கை பார்க்கத் திரும்பினால் துப்பாக்கியும் கூடவே திரும்பும். எட்டிப் பார்க்க முன்னால் சாய்ந்தால் சுவர் கிட்டே வராது. போனுக்குப் புரிவது சுழற்சி மட்டும். மிச்சத் தோட்டா எத்தனை என்ற எண் காதோரம் எங்கோ ஒளிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் குமட்டல்.

“ராத்திரி புரோட்டா வேண்டாம்னு சொன்னேனேடா” என்பார் அத்தை.

இப்போது யூஇவிஆர் என்று ஒன்று, அன்ரியல் எஞ்சின் கேம்களை இலவசமாகவே விஆராக்குகிறது. அதற்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு விலைக்குத்தான் கறவை மாடு வாங்கலாம்.